வறண்ட ஊரின் தண்ணீரை நிர்வகிப்பது எப்படி: மழைமானியிலிருந்து கடைமடை வரை

வறண்ட பகுதியில் தண்ணீர் நிர்வாகம் என்றதும் பேச்சு நேராகத் தடுப்பணை, தூர் வாருவது, இன்னொரு போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது என்று போய்விடும். எல்லாம் தேவையான வேலைகள்தான். ஆனால் இவை அத்தனையும் நடந்த பிறகும் கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊர்கள் ஏராளம். இந்த ஆண்டு வந்த தண்ணீர் எவ்வளவு, யார் எவ்வளவு எடுக்கலாம், எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் அங்கே யாரிடமும் பதில் இருக்காது. தண்ணீரைச் சேர்ப்பதைவிட எடுப்பதற்கு வரம்பு கட்டுவதுதான் கடினமான வேலை. அதனாலேயே அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வரம்பை எப்படிக் கணக்கிடுவது, ஊரார் ஏற்கும்படி எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு கிராமம், ஒரு பாசன சங்கம், ஒரு ஏரியை நம்பிய குடியிருப்பு ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதல் படி: மூன்று அளவுகளை எடுக்கத் தொடங்குங்கள்

மழை, கிணற்று மட்டம், மோட்டார் இறைக்கும் அளவு. இந்த மூன்றும் இல்லாமல் நடக்கும் கூட்டத்தில் குரல் உயர்ந்தவர் சொல்வதே முடிவாகும்.

மழைமானியைத் திறந்த வெளியில் வையுங்கள். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். மழை பெய்யாத நாளில் ‘0’ என்று எழுதுவதும் முக்கியம். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா என்று பிறகு தெரியாது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேருக்கு அதுவே 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர்.

கிணற்று மட்டத்தை அதிகாலையில், எந்த மோட்டாரும் ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும். பக்கத்து வயலில் போர் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கிணற்றின் மட்டம் தாழ்ந்துதான் தெரியும். திறந்த கிணற்றுக்கு நுனியில் எடை கட்டிய அளவு நாடா போதும். ஆழ்துளைக் கிணற்றுக்கு, நுனி தண்ணீரில் பட்டதும் ஒலி எழுப்பும் நாடா தேவைப்படும். கிணற்று விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளந்து பாருங்கள். ஊரின் மேட்டுப் பகுதியில் இரண்டு, நடுவில் இரண்டு, பள்ளத்தில் இரண்டு என்று ஆறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தால் தொடங்குவதற்குப் போதும். மாதம் ஒரு முறை அளப்பது நல்லது. முடியாவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் கட்டாயம் அளக்க வேண்டும்.

மோட்டார் கணக்கு இன்னும் எளிது. 20 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் பிடித்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். அந்த மோட்டார் ஒரு நாளில் 6 மணி நேரம் ஓடினால் 43,200 லிட்டர். ஊரில் இப்படி எத்தனை மோட்டார் இருக்கிறது என்று எண்ணிப் பெருக்கினால் வரும் தொகை பெரும்பாலும் எல்லோரையும் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்க வைக்கும். கோடையில் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். வாளி நிரம்ப 10 விநாடிக்குப் பதில் 25 விநாடி ஆனால், கிணறு அப்போதே உங்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அளப்பவர் யார் என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆந்திரப் பிரதேசத்தில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு ஒரு திட்டம் நடந்தது. வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, அடுத்த பருவத்துக்கான தண்ணீர்க் கணக்கைத் தாங்களே போட்டார்கள். தடையும் கிடையாது, அபராதமும் கிடையாது. எண்கள் கண்முன் இருந்ததால், அதிகத் தண்ணீர் கேட்கும் பயிர்களைப் பலர் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரி அளந்து சொன்ன எண்ணாக இருந்தால் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டாம் படி: வரவை எழுதுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 600 ஹெக்டேர் பரப்புள்ள ஊர், 1,000 பேர், 300 மாடு, 600 ஆடு. இந்த ஆண்டு 500 மி.மீ. மழை. ஊரின் மேல் விழுந்த மொத்த மழை 600 × 500 × 10, அதாவது 30 லட்சம் கன மீட்டர்.

கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் வறண்ட நிலத்தில் இதில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் ஆவியாகிவிடும். ஓடை வழியாக ஓடுவது, நிலத்தடிக்கு இறங்குவது என்ற இரண்டு சிறு பங்குகளை வைத்துத்தான் ஊர் பிழைக்க வேண்டும். கடினப் பாறைப் பகுதியில் மழையில் 5 முதல் 10 சதவீதம் வரை நிலத்தடிக்கு இறங்கும் என்று வைத்துத் தொடங்கலாம். நம் ஊருக்கு 8 சதவீதம் என்றால் 2,40,000 கன மீட்டர். அதில் ஒரு பங்கு ஓடைகளில் ஊற்றாக வெளியேறும், ஒரு பங்கு கீழூருக்கு நகரும். ஆகவே 60 சதவீதத்தைத்தான் எடுக்கலாம் என்று வைப்போம்: 1,44,000.

ஏரியின் நீர்ப்பரப்பு 10 ஹெக்டேர், சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டர். ஆவியாவதும் கசிவதும் போக 1,20,000 கைக்குக் கிடைக்கும் என்று கொள்வோம். இங்கே கவனம் வேண்டும். ஏரியிலிருந்து கசியும் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளுக்குத்தான் போகிறது. அதை ஏரிக் கணக்கிலும் கிணற்றுக் கணக்கிலும் இரண்டு முறை வரவு வைத்தால், காகிதத்தில் மட்டும் இருக்கும் தண்ணீரை வைத்துப் பயிர் வைப்பீர்கள்.

மேலூர், கீழூர் சங்கதியும் இதுதான். ஓடையில் மேலே கட்டும் ஒவ்வொரு தடுப்பணையும் கீழே போக வேண்டிய தண்ணீரைத்தான் பிடிக்கிறது. மழை மிகுந்த ஆண்டில் அது யாருக்கும் தெரியாது. குறைந்த ஆண்டில் மேலூரின் சாதனை கீழூரின் காய்ந்த ஏரியாகிறது. புதிய கட்டுமானம் எதையும் தொடங்கும் முன் கீழே உள்ள ஊரோடு உட்கார்ந்து பேசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த வேலையும் நீர் மேலாண்மை ஆகாது.

இன்னொரு பொறி, சராசரி மழையளவு. வறண்ட பகுதியில் எப்போதாவது வரும் பெருமழை ஆண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடும். அதனால் பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மழை சராசரிக்குக் கீழேதான் இருக்கும். மரப்பயிர் வைப்பது, புதிய குடியிருப்புக்கு அனுமதி தருவது போன்ற நீண்ட கால முடிவுகளுக்குச் சராசரியை நம்பாதீர்கள். கடந்த 20 ஆண்டு மழையளவைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதி 15-ஆவது எண்ணை எடுங்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் மழை அது. அதற்குள் அடங்கும் அளவுக்கே நிரந்தரக் கடமைகளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குடிநீரை முதலில் ஒதுக்கிவிடுங்கள்

ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்றால் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 25,550 கன மீட்டர். மாட்டுக்கு 50 லிட்டர், ஆட்டுக்கு 6 லிட்டர் என்று சேர்த்தால் இன்னும் ஏறக்குறைய 6,800. மொத்தம் 32,000 சொச்சம்.

நிலத்தடியின் 1,44,000, ஏரியின் 1,20,000 என்று நம் ஊருக்குக் கிடைக்கும் 2,64,000 கன மீட்டரில் இது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் முதலில் தட்டுப்பாடு வருவது குடிநீருக்குத்தான். குடிநீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள பாசன போர்கள் மாசி பங்குனிக்குள் மட்டத்தை இறக்கிவிட்டால், சித்திரையில் பெண்கள் குடத்தோடு நடக்க வேண்டியதுதான். வறட்சியால் வருவதாக நாம் நினைக்கும் பல குடிநீர்ப் பஞ்சங்கள் உண்மையில் பங்கீட்டுப் பஞ்சங்கள்.

எனவே இந்த 32,000-ஐ முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதற்காக இன்னொரு 32,000-ஐ இரண்டாம் வரியில் எழுதுங்கள். குடிநீர்க் கிணற்றைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குப் பாசன போர் கூடாது என்று ஊர் தீர்மானம் போடுங்கள். அந்தத் தூரம் பாறையைப் பொறுத்தது. ஒரு நாள் முழுக்கப் பக்கத்து போரை ஓட்டி, குடிநீர்க் கிணற்றில் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஓமானில் ஃபலஜ் எனப்படும் பழைய கால்வாய் முறையில், நிலத்தடியிலிருந்து வரும் நீர் வெளியே தலைகாட்டும் இடம் குடிநீருக்கு உரியது. பேரீச்சைத் தோப்புக்கும் வயலுக்கும் அதற்குக் கீழேதான் பங்கு. யார் முதலில் என்பதைக் கால்வாயின் அமைப்பே தீர்த்துவைக்கிறது. புதிதாகக் குழாய் பதிக்கும் ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

நான்காம் படி: மிச்சத்துக்கு ஏற்ற பயிர்

இரண்டு ஒதுக்கீடும் போனால் நம் ஊரிடம் மிஞ்சுவது சுமார் 2 லட்சம் கன மீட்டர். மழைக்காலப் பயிர் மழையிலேயே விளைந்துவிட்டது, இது அடுத்த பருவத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் வைத்தால் ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர் வீதம் 16 ஹெக்டேரோடு முடிந்தது. கரும்பு என்றால் 18,000 வீதம் 11 ஹெக்டேர். சோளம் 4,500 வீதம் 44 ஹெக்டேர். பயறு 3,000 வீதம் 66 ஹெக்டேர். மண்ணையும் வெயிலையும் பொறுத்து இந்த எண்கள் ஏறும், இறங்கும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. பத்துப் பேர் கரும்பு போடுவதா, அறுபது பேர் பயறு போடுவதா என்பதுதான் ஊர்க் கூட்டத்தின் முன் இருக்கும் உண்மையான கேள்வி.

மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் உள்ள ஹிவரே பஜார் இந்தக் கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொன்ன ஊர். போபட்ராவ் பவார் தலைவராக இருந்த காலத்தில் மலைச்சரிவில் மண்வரப்பு, மரம் நடுதல் எல்லாம் நடந்தன. அதோடு நிறுத்தவில்லை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழை முடிந்ததும் தண்ணீர்க் கணக்குப் போட்டு, அதற்கேற்பப் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்து மண்வரப்பை மட்டும் நகலெடுக்கும் ஊர்களுக்கு அதே பலன் கிடைக்காது.

சொட்டுநீர்ப் பாசனம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல கருவி. ஆனால் வரம்பு இல்லாத ஊரில் அது தண்ணீரை மிச்சப்படுத்துவதில்லை. ஒரு ஏக்கருக்குப் போன தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் பாய்கிறது என்றதும் விவசாயி இயல்பாகவே ஒன்றரை ஏக்கர் வைப்பார். முன்பு வாய்க்காலில் கசிந்து பக்கத்துக் கிணற்றுக்குப் போனதும் இப்போது நின்றுவிடும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் திறன்மிக்க தெளிப்பான்களுக்கு மானியம் கொடுத்தார்கள். நிலத்தடி நீர் எடுப்பு குறையவில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதே மாநிலத்தில் ஷெரிடன் 6 என்ற பகுதியின் விவசாயிகள் 2013-இல் வேறு வழியில் போனார்கள். ஏக்கருக்கு 5 ஆண்டுக்குச் சேர்த்து 55 அங்குல உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதற்கு மேல் எடுப்பதில்லை என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். எந்த ஆண்டில் எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். எடுப்பு நன்றாகவே குறைந்தது, லாபம் பெரிதாக அடிபடவில்லை. ஆக, முதலில் வரம்பு, அப்புறம் சொட்டுநீர்.

ஐந்தாம் படி: முறை வைப்பதும் தகராறு தீர்ப்பதும்

கணக்கு போட்டாயிற்று. இப்போது அதை மனிதர்களிடையே பங்கிட வேண்டும். இந்த வேலையில் தோற்ற ஊர்கள்தான் அதிகம்.

விதைப்புக்கு முன்பே முடிவெடுங்கள். வயலில் பயிர் நின்ற பிறகு ‘தண்ணீர் இல்லை’ என்று சொன்னால் எந்த விவசாயியும் கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. கடனை வாங்கிப் போட்ட பயிர் கண்முன் காய்வதைப் பார்த்துக்கொண்டு யார் மோட்டாரை நிறுத்துவார்?

நெருக்கடிக் கட்டங்களையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ‘குறிப்பிட்ட தேதியில் ஏரி பாதிக்குக் கீழே இருந்தால் இரண்டாம் பயிர் கிடையாது’, ‘குடிநீர்க் கிணற்றின் மட்டம் இந்தக் கோட்டைத் தொட்டால் சுற்றியுள்ள மோட்டார்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று தெளிவாக இருக்க வேண்டும். தேதியும் அளவும் இல்லாத விதி விதியே அல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018 தொடக்கத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தபோது, அணைகளின் மட்டத்தை வாராவாரம் வெளியிட்டது. ஒரு ஊருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஏரி மட்டத்தையும் குடிநீர்க் கிணற்று மட்டத்தையும் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால் போதும்.

முறைப்பாசனத்தில் வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர் எப்போதும் சுகமாக இருப்பார். தண்ணீர் குறையும்போது அடிவாங்குவது வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடைதான். இதற்கு நியாயமான மருந்து, பற்றாக்குறை ஆண்டில் முறையைக் கடைமடையிலிருந்து தொடங்குவது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தான் தங்கள் முறை வரும் என்றால், வாய்க்காலைச் செதுக்கிச் சுத்தமாக வைப்பதில் தலைமடைக்காரரும் அக்கறை காட்டுவார். பங்கை நேரத்தால் அளப்பது எளிது. ஓமானின் ஃபலஜ் ஊர்களில் பகலில் சூரிய நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் வைத்து நேரம் பிரித்தார்கள். நம்மிடம் கைபேசி இருக்கிறது. ஆனால் மட்டம் இறங்க இறங்க ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீரும் குறையும். அதனால் மாதம் ஒரு முறை அளந்து நேரத்தைத் திருத்துங்கள்.

தகராறு வரும், வராமல் இருக்காது. அது எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் தண்ணீர் நீதிமன்றம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் பேராலய வாசலில் கூடுகிறது. நீதிபதிகள் பாசனக்காரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகள். விசாரணை வாய்மொழியாகவே நடக்கிறது, தீர்ப்பு அங்கேயே கிடைக்கிறது. யுனெஸ்கோ 2009-இல் இதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. பயிர் இரண்டு வாரம் காத்திருக்காது என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. உங்கள் ஊரிலும் வாரம் ஒரு நாள், ஒரு இடம், பெயர் எழுதிய நாலைந்து பேர் என்று வையுங்கள். முதல் தவறுக்குச் சிறு அபராதம், திரும்பச் செய்தால் ஒரு முறை தண்ணீர் இழப்பு என்று படிப்படியாக ஏறட்டும். எடுத்த எடுப்பிலேயே கடுமையாகத் தண்டித்தால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

நிலம் இல்லாதவர், ஆடு மாடு மட்டும் வைத்திருப்பவர், தினமும் தண்ணீர் தூக்கும் பெண்கள் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் பேசும் இடத்தில் இருக்க வேண்டும். நிலமுள்ளவர்கள் மட்டும் கூடி எடுக்கும் முடிவில் குடிநீர் ஒதுக்கீடு எப்போதும் பின்னால் போய்விடும்.

ஆறாம் படி: ஓட்டைகளை அடையுங்கள்

பெரிய ஓட்டை வானத்தில் இருக்கிறது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகும் என்று கொண்டால், 10 ஹெக்டேர் ஏரி ஒரே நாளில் 7 லட்சம் லிட்டரை இழக்கிறது. நம் எடுத்துக்காட்டு ஊர்மக்களுக்கு அது பத்து நாள் தண்ணீர். இதிலிருந்து கிடைக்கும் விதி: ஏரித் தண்ணீரை முதலில் செலவழியுங்கள், நிலத்தடியில் இருப்பதைப் பிறகு தொடுங்கள். பல இடங்களில் நேர்மாறாக, ஏரி நிறைந்திருக்கும்போதே போரும் ஓடிக்கொண்டிருக்கும்.

தூர் வாரும்போது ஏரி முழுவதையும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டுவதைவிட, ஒரு பகுதியை ஆழமாக்குவது மேல். நீர் வற்றும்போது சிறிய பரப்பில் ஆழமாக நிற்கும், ஆவியாவது குறையும், மாடுகளுக்குக் கோடை வரை இருக்கும். அள்ளிய வண்டலை வயலில் போட்டால் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கென்யாவின் மச்சாகோஸ், கிடுயி பகுதிகளில் மணல் ஓடைகளுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, அதன் பின்னால் சேரும் மணலுக்குள்ளேயே தண்ணீரைச் சேமிக்கிறார்கள். மணல் மட்டத்துக்குக் கீழே அரை மீட்டரைத் தாண்டிய நீர் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. மணலை அள்ளி விற்கும் ஊர் இந்தச் சேமிப்புக் கிடங்கையே விற்றுவிடுகிறது.

குழாய்க் கசிவுக்கு ஒரு சோதனை போதும். இரவில் எல்லாத் தெருக் குழாய்களும் வீட்டுக் குழாய்களும் மூடியிருக்கும்போது மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து, விடியற்காலையில் மறுபடி பாருங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் தொட்டியில் 10 செ.மீ. இறங்கியிருந்தால் 2,500 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது.

ஏழாம் படி: தரத்தையும் பாருங்கள்

அளவு குறையக் குறைய உப்பு கெட்டியாகும். எனவே குடிநீரைக் கோடைக் கடைசியில் பரிசோதியுங்கள், மழை முடிந்ததும் எடுத்த மாதிரி நம்மை ஏமாற்றும். ஆழம் போகப் போகப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வரும் பகுதிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மி.கி. வரைதான் என்கிறது. அதற்கு மேல் இருந்தால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறத் தொடங்கும், நாளடைவில் எலும்பையும் பாதிக்கும். புதிய ஆழ்துளைக் கிணற்றைச் சோதிக்காமல் குடிநீருக்குத் திறக்கவே கூடாது.

உப்புத் தண்ணீரில் சொட்டுநீர் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் போய்ச் சேரும். லேசான தூறல் விழுந்தால் அது வேருக்கே திரும்பி இறங்கும். தூறும்போது மோட்டாரை நிறுத்தத்தான் கை போகும். அந்த நேரத்தில் சற்று ஓடவிடுவதுதான் பயிரைக் காக்கும்.

எட்டாம் படி: கணக்கைத் திருத்துங்கள்

முதல் ஆண்டில் போட்ட ‘8 சதவீதம்’ ஓர் ஊகம். கிணற்று மட்டக் குறிப்புகள் இருந்தால் அதைச் சரிபார்க்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் ஆறு கிணறுகளிலும் மட்டம் சராசரியாக எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அந்த ஏற்றத்தை ஊரின் பரப்பால் பெருக்கி, பாறை இடுக்குகளில் தண்ணீர் தங்கும் பங்கால் பெருக்குங்கள். கடினப் பாறைக்கு அது 1 முதல் 3 சதவீதம், மணற்பாங்கான நிலத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் போகும். நம் ஊரில் 2 சதவீதம் என்று வைத்து, மட்டம் 2 மீட்டர் ஏறியிருந்தால் 2,40,000 கன மீட்டர், ஊகம் சரி. 1.5 மீட்டர்தான் ஏறியிருந்தால் 1,80,000. மழைக்காலத்தில் மோட்டார்கள் ஓடியிருந்தால் அவை இறைத்ததையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் 8-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதுங்கள். பயிர்ப் பரப்பையும் அதற்கேற்ப அன்றே குறைத்துவிடுங்கள்.